படம் தெளிவாக வரும்

ஹெப்பகோடி
7 ஜூலை 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

"இனிமே போன் பண்ணாதே, எதுவா இருந்தாலும் எழுது" என்று மார்ச் மாதம் நீ அனுப்பிய மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். உன் கோபம் தணியட்டும் என்று நாலு மாதம் காத்திருந்தேன். தணிந்தபாடில்லை. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அப்பாவின் போன் எப்போதும் அணைந்தே கிடக்கிறது. கல்லூரிக்குப் பிறகு இன்றுதான் பேனாவைப் பிடித்து ஒரு பக்கம் எழுதுகிறேன். "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு அக்காவுக்கு லெட்டரா?" என்று தர்ஷினி கேட்டாள். என் பெண்டாட்டிக்கே இது வேடிக்கையாக இருக்கிறது.

சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. அப்பாவுக்கு ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ காலையில் பள்ளிக்கூடத்து ஆபீஸுக்குப் போய்விடுகிறாய். மத்தியானம் வரும்வரை அவர் தனியாக இருக்கிறார். கேபிளில் நல்லதாக ஒன்றும் வருவதில்லை என்று முன்பே குறைப்பட்டுக்கொள்வார். இப்போது சின்னச் சின்னப் பெட்டிகள் வந்திருக்கின்றன. பழைய டிவியோடு இணைத்து வீட்டில் வைஃபை இருந்தால் போதும், இன்டர்நெட்டில் உள்ள படம், செய்தி, கிரிக்கெட் எல்லாம் வரும். டிவியை மாற்றவேண்டியதில்லை. விலையும் கைக்கு அடங்கியதுதான்.

டிவியை நகர்த்திப் பின்பக்கம் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று பார்த்து எழுது. தட்டையாக, ஓரம் சரிந்த மாதிரி ஒன்று இருந்தால் வேலை சுலபம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

ஹரி


ஜீவனஹள்ளி
12 ஜூலை 2024

ஹரிஷ்குமாருக்கு,

கடிதம் வந்தது. டிவியை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வட்ட ஓட்டைகள்தான் இருக்கின்றன. நீ எழுதிய தட்டையான ஓட்டை இல்லை. உன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்று நீ வாங்கிப்போட்ட டிவி இது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது, டிவி மட்டும் போகவில்லை. வைஃபை வேண்டுமென்றால் முக்குக் கேபிள்காரர் பச்சைமுத்துவிடம் சொன்னால் இழுத்துக் கொடுப்பார்.

போனில் பேசவேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பது உனக்கு இன்னும் புரியவில்லை போலிருக்கிறது. இது இரண்டு அறை வீடு. நீயும் நானும் பேசினால் ஐந்தாவது நிமிடம் கத்த ஆரம்பிக்கிறோம். அப்பாவுக்குக் காது கூர்மை. மார்ச்சில் நான் கத்தியது மட்டும் இல்லை, நீ அந்தப் பக்கம் கத்தியதும் அவருக்குக் கேட்டது. இனி அவர் காதில் அது விழவேண்டாம் என்றுதான் எழுதச் சொன்னேன்.

அப்பாவுக்குப் பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே. நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பெட்டியை வாங்கினால் அதைக் கையில் எடுத்துக்கொண்டே வா. அரைமணி நேரம் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போ. பழையதை எடுக்கமாட்டேன், வாயைத் திறக்கமாட்டேன். நீ வந்து பார்த்தால் போதும்.

ராஜலக்ஷ்மி


ஹெப்பகோடி
21 ஜூலை 2024

அக்காவுக்கு,

"ராஜலக்ஷ்மி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஏதோ மின்சார வாரியத்துக்கு எழுதிய மனு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

மூன்று ஓட்டை டிவி என்று தெரிந்ததும் என் வேலை கூடிவிட்டது. டிவியின் பின்னால் செருகிவிடும் விரல் நீளக் குச்சி ஒன்று வருகிறது, எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். நம் டிவிக்கு அது ஆகாது, நடுவில் இன்னொரு மாற்றுக் கருவி வேண்டும், அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும். ஒயர் மேல் ஒயராகத் தொங்கும். அப்பா தடுக்கி விழுவார். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் பெயரில்லாத பெட்டி ஒன்றைப் பாதி விலைக்குக் காட்டினான். போட்டுப் பார்த்தேன். படம் மங்கல், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். அப்பா வயதில் மங்கலான படத்தைப் பார்த்தால் கண்ணுக்குத்தான் சிரமம்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. மூன்று வண்ண ஒயரும் பெட்டியோடே வருகிறது, நேராகச் செருகிவிடலாம். பழைய டிவியில் இதைவிடத் தெளிவாக எதிலும் படம் வராது, நானே கடையில் ஒரு பழைய டிவியில் போடச்சொல்லி அரைமணி நேரம் பார்த்தேன். முகத்தில் வேர்வை தெரிகிறது, புடவையில் ஜரிகை தெரிகிறது. ரிமோட்டில் பட்டன்கள் பெரியவை. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது, அதையும் செய்துவைத்திருக்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க எந்தப் பட்டன் என்று ஒரு தாளில் படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் இதற்கே அலைந்திருக்கிறேன், அக்கா. விலை குறைவு என்பதற்காக ஏதோ ஒன்றைத் தள்ளிவிட்டதாக நினைக்காதே.

கொரியரில் அனுப்பிவிட்டேன். என் பெயரில் எல்லாம் பதிந்து வைத்திருக்கிறேன், பச்சைமுத்து ஒயரைச் செருகிவிட்டால் தானாக வேலை செய்யும். நானே கொண்டுவரத்தான் நினைத்தேன். ஆபீஸில் செப்டம்பர் வரை மூச்சுவிட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பையன் தருணுக்குச் செஸ் வகுப்பு. வண்டியை எடுத்தால் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டவே ஒரு மணி நேரம்.

நீ பழையதை எடுக்கமாட்டேன் என்றாய், நான் எடுக்கிறேன். அன்று நான் மீட்டிங்கில் இருந்தேன். எடுத்த எடுப்பில் "அப்பா கண்ணுக்கு உடனே ஏதாவது பண்ணணும், இன்னைக்கே வா" என்றால் யார் வரமுடியும்? இந்த வயதில் எல்லோருக்கும் கண்புரை வருகிறது. மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு நீ என்னென்ன பேசினாய் என்று நினைத்துப் பார். மே மாதம் நீயும் ஒன்றும் சொல்லவில்லையே. அதிலிருந்தே தெரிகிறது, அது அவ்வளவு அவசரமில்லை என்று.

ஹரி


ஜீவனஹள்ளி
3 ஆகஸ்ட் 2024

ஹரிக்கு,

பெட்டி வந்தது. பச்சைமுத்து வந்து மாட்டிக்கொடுத்தார். நீ எழுதியது சரிதான், படம் தெளிவாக வருகிறது. புடவையில் ஜரிகை தெரிகிறது.

"ஹரி அனுப்பினதா?" என்று அப்பா கேட்டார். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார். "இவ்ளோ சின்னதா இருக்கே" என்றார். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். நீ படம் போட்டு அனுப்பிய தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

இருபத்தைந்தாம் தேதி அவருக்கு எழுபத்தாறு முடிகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. செஸ் வகுப்பை ஒரு வாரம் விட்டால் தருணுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இனி நான் கேட்கமாட்டேன் ஹரி, இதுதான் கடைசி. வா.

அக்கா


ஹெப்பகோடி
1 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

இருபத்தைந்தாம் தேதி வரமுடியவில்லை. கிளம்பத்தான் கிளம்பினோம். தருணுக்குக் காய்ச்சல் அடித்த மாதிரி இருந்தது. கேக் ஆர்டர் செய்து வீட்டுக்கு அனுப்பினேன், கிடைத்ததா என்றுகூட நீ தெரிவிக்கவில்லை.

வராததால் அப்பாவைக் கவனிக்கவில்லை என்று நீ நினைக்கலாம். தினமும் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் என் போனில் பார்க்கிறேன். எல்லாம் என் பெயரில் பதிந்திருப்பதால் அங்கே என்ன ஓடியது, எத்தனை மணிக்கு ஓடியது, எங்கே நிறுத்தினார் என்று வரிசையாக வந்துவிடும். முதல் வாரம் அப்பா இரண்டு பழைய படம் போட்டிருந்தார், செய்தி போட்டிருந்தார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்பா நன்றாக இருக்கிறார் என்று தர்ஷினியிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வருவதுதான் சரியில்லை. பழைய படங்கள் எல்லாம் பத்து நிமிடத்தில் நின்றுபோகின்றன. அதற்குப் பதிலாக ஒரே ஒரு சீரியல். மாமியார் மருமகள் சண்டை. இரண்டரை மணிக்கு ஆரம்பித்து ஆறு மணி வரை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதத்தில் நூற்று இருபது பகுதி. அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர், வாழ்நாளில் ஒரு சீரியல் பார்த்ததில்லை. அம்மா பார்த்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார். நீ பள்ளியிலிருந்து திரும்புவது இரண்டு மணிக்கு. எனக்குக் கணக்குக் கூட்டத் தெரியாதா?

உனக்கும் பொழுதுபோக்கு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்காக வாங்கியதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நீ உட்கார்ந்து பார்ப்பதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நான்தான் அவருக்காகப் பேசவேண்டும். அதனால் இங்கிருந்தே சீரியல்களை நாலு இலக்க எண் போட்டுப் பூட்டியிருக்கிறேன். படம், செய்தி, கிரிக்கெட் எல்லாம் திறந்திருக்கும். கோபப்படாதே. அப்பாவை முன்னிட்டுச் செய்தது.

ஹரி


ஜீவனஹள்ளி
6 செப்டம்பர் 2024

ஹரி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் பூட்டு வந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் சீரியலைப் போட்டால் திரையில் நாலு கட்டம் வந்து நின்றது. என்ன எண் என்று தெரியாமல் அப்பா பிறந்த வருடம் போட்டேன், நீ பிறந்த வருடம் போட்டேன், அம்மா இறந்த வருடம் போட்டேன். எதற்கும் திறக்கவில்லை. இரண்டு நாள் அப்பா சும்மாவே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவரே சொன்னார். "தருண் பொறந்தது நவம்பர் பதினாலு. ஒண்ணு நாலு ஒண்ணு ஒண்ணு போட்டுப் பாரு." திறந்துகொண்டது. பேரன் பிறந்த நாள் எனக்கு ஞாபகமில்லை, அவருக்கு இருக்கிறது.

ஆமாம், சீரியல்தான் ஓடுகிறது. பழைய படம் போட்டால் அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அதில் யாராவது ஜன்னலோரம் நின்றுகொண்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். "என்னடீ நடக்குது, ஏன் யாரும் பேச மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சீரியலில் அந்தத் தொல்லை இல்லை. மனதில் நினைப்பதைக்கூட எல்லோரும் வாயால் சொல்லிவிடுகிறார்கள். யார் உள்ளே வந்தார்கள், என்ன புடவை, யார் யாரை முறைக்கிறார்கள் என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னால் போதும்.

அப்பாவுக்குக் கண் தெரியாது, ஹரி. மே மாதத்திலிருந்து இரண்டு கண்ணும் தெரியாது.

மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. பக்கத்து வீட்டு அல்போன்சா கண் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறவள். அப்பா நடப்பதைப் பார்த்துவிட்டு, "இது புரை மாதிரி தெரியலக்கா, சர்க்கரை கண்ணுக்குப் பின்னாடி இறங்கியிருக்கும், சீக்கிரம் காட்டுங்க" என்றாள். காட்டினோம். அவள் சொன்னதுதான். கண்ணுக்குள் ஊசி போடவேண்டும், தள்ளிப்போட்டால் இருக்கும் பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். ஒரு சம்மதப் பாரத்தைக் கொடுத்து, கூட வந்தவர் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் பேனாவை எடுத்தேன். அப்பா பாரத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"பையன் இருக்கான். அவன் வந்து போடுவான்" என்றார்.

உனக்குத் தெரியாதா அவரை? முப்பத்து நாலு வருடம் பொதுப்பணித் துறையில் கோப்பைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்காக அறை அறையாக நின்றவர். யார் கையெழுத்துப் போடவேண்டுமோ அவர்தான் போடவேண்டும். அவர் கணக்கில் இந்த வீட்டுக்குக் கையெழுத்து நீ. அவருக்குக் கஞ்சி வைக்க, மாத்திரை கொடுக்க, கால் நகம் வெட்ட நான் போதும். கையெழுத்துக்கு ஆகமாட்டேன். அந்தப் பாரத்தை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும்தான் உனக்குப் போன் பண்ணினேன். ஊசி என்று நான் சொல்வதற்குள், கண்புரைதானே, மே மாதம் பார்த்துக்கொள்ளலாம், நீ சும்மா டிராமா போடாதே என்றாய். நான் கத்தினேன், நீ கத்தினாய். கட்டிலில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் சொன்னார். "இனிமே அவன்கிட்ட இதைப் பத்திப் பேசக்கூடாது. கேட்டு வரவேண்டாம். அவனா வந்து பாக்கட்டும். பாத்தா தெரிஞ்சுக்குவான்." என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார்.

உன்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. அன்று அவர் கையைத் தள்ளிவிட்டு நான் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். அதிகம் போனால் ஒரு அறை விட்டிருப்பார். நாற்பத்தெட்டு வயதிலும் அப்பா கையைத் தள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வருவாய் என்று அவர் நம்பினார், அவர் மனம் மாறும் என்று நான் நம்பினேன், மே மாதம் ஒருநாள் காலையில் "விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். மணி ஒன்பது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெட்டியைப் பற்றி நீ எழுதிய அன்றே நான் உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ படத்தின் தெளிவைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தாய். பட்டன் பெரிது, எழுத்து பெரிது, மங்கலாக இருந்தால் அப்பா கண்ணுக்குச் சிரமம். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இவன் இன்னும் தேடட்டும், நல்லதாகத் தேடி வாங்கட்டும் என்று இருந்தது. குருட்டு அப்பாவுக்கு நீ தெளிவான படம் வாங்கிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு கெட்டுப்போயிருக்கிறேன்.

சத்தியத்தை இன்றோடு மீறிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

அக்கா


ஹெப்பகோடி
15 செப்டம்பர் 2024, ஞாயிறு

அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. ஆபீஸ் போகவில்லை. தர்ஷினியிடம் காட்டினேன், அவள் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஒரு வாரமாக எனக்கு உன்மேல் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது, எது முதலில் வருகிறது என்று சொல்லமுடியவில்லை. ஒரு வார்த்தை, ஊசி என்று ஒரு வார்த்தை மெசேஜில் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே. அவர் சத்தியம் வாங்கினாராம், நீ கொடுத்தாயாம். நான் அவ்வளவு கேவலமானவனா, என்னிடம் சொல்லக்கூடாத அளவுக்கு?

இன்று வந்தேன், அக்கா. வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. கோயில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வாசல்வரை வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. "பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு மாமியா வர்றாப்பா, கையில சாவிக்கொத்து" என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். "இவளுக்கு வேற வேலையே இல்லியா?" என்று அப்பா கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார். அம்மா இருந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு விளம்பரம் போலிருக்கிறது, சத்தம் நின்றது. நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுபோகும் என்று தோன்றியது. என்ன முகத்தை வைத்துக்கொண்டு வருவது? முகம் அவருக்குத் தெரியாது என்று நினைத்தபோது இன்னும் கால் எழவில்லை. திரும்பிவிட்டேன்.

அப்பாவிடம் நான் வந்ததைச் சொல்லாதே. தீபாவளிக்கு தர்ஷினி, தருண் எல்லோருமாக வருகிறோம். அதற்குள் நான் என்னைத் தயார்படுத்திக்கொள்கிறேன். பெரிய டாக்டர்கள் இரண்டு பேரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. கண் தெரியாதவர்களுக்காக, திரையில் நடப்பதைக் குரலிலேயே சொல்லிக்கொண்டு போகும் வசதி இப்போது வருகிறதாம். யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் எல்லாம் அதுவே சொல்லும். இப்போதிருக்கும் பெட்டியில் அது சரியாக வேலை செய்யாது. அடுத்த ரகத்தில் இருக்கிறது, விலையும் ரொம்ப அதிகமில்லை. தமிழில் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் உனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

ஹரி


ஜீவனஹள்ளி
20 செப்டம்பர் 2024

ஹரிக்கு,

நீ வந்ததை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர்தான் எனக்குச் சொன்னார்.

சத்தம் நின்றது விளம்பரத்துக்காக இல்லை. அப்பா கையைத் தூக்கினார், நான் நிறுத்தினேன். "ஹரி வந்திருக்கான். ஷூ கழட்டுறான்" என்றார். நான் எழுந்தேன். "நீ போகாதே, அவனா வரட்டும்" என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். சட்டைப் பொத்தானைத் தேடிப் பிடித்துக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். தலையை இரண்டு கையாலும் படிய வாரிக்கொண்டார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பாரம் இன்னும் அதில்தான் இருக்கிறது, சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைக்கச் சொல்வார். இனி அதில் யார் கையெழுத்துப் போட்டும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஷூவைப் போட்டுக்கொண்டு படியில் கால் முனையால் இரண்டு தட்டுத் தட்டுவாயே, பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம். அந்த இரண்டு தட்டு எனக்கே கேட்டது. "திரும்ப மாட்டிக்கிறான்" என்றார் அப்பா. ரொம்ப நேரம் கழித்து, "இருட்டினா டிராஃபிக் ஜாஸ்தி ஆயிடும், அதான் கிளம்பிட்டான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

வாசல்வரை வந்தேன் என்று எழுதினாய், சிரிப்பு நின்றுவிடும் என்று அழகாக எழுதினாய். ஷூவைக் கழற்றியதை எழுதவில்லை. கழற்றிய பிறகு உனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வாசற்படிதான் இருந்தது. மார்ச்சில் உனக்குத் தெரியாது, அதை நான் மன்னித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது எல்லாம் தெரிந்துதானே வந்தாய்?

உன் பெட்டியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ரிமோட், மூன்று வண்ண ஒயர் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நீ படம் போட்டுக் கொடுத்த தாள் மட்டும் இல்லை, அப்பா தரமாட்டேன் என்றுவிட்டார். புதிய பெட்டி எதையும் அனுப்பவேண்டாம். எனக்கு ஓய்வு கொடுக்கப் பெட்டி தேடி அலையாதே.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் டிவி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அன்றிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் வண்டி எது நின்றாலும், "யாருடீ?" என்று கேட்கிறார். ஒரு மாதத்துக்கு மேல் திரையில் யார் வந்தார்கள், என்ன கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சாயங்காலத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிப்போகும். இப்போது அந்தச் சிரமம் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லப்பா" என்று சொன்னால் போதும்.

ராஜலக்ஷ்மி